நாத்தனாரின் நோட்டுப் புத்தகம்

சகோதரிகளே, உங்களில் யார் வீட்டிலாவது லாரி இருக்கிறதா? "நல்ல கேள்வி கேட்டாய்! ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடவே மூச்சு முட்டுகிறது, லாரியாம்!" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. என் வீட்டிலும் லாரி இல்லை. என் நாத்தனார் வீட்டில் ஒன்று இருந்தது. அந்தப் பழைய லாரியிலிருந்து நான் கற்றுக்கொண்ட குடும்பக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அவருடைய தங்கையை உள்ளூரிலேயே ஓரிக்கைப் பக்கம் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சின்ன லாரி, டாட்டா 407. 2007-ம் வருஷத்து வண்டி. அவர் வாங்கியது இரண்டாம் கையாக.

காஞ்சிபுரத்து லாரி என்றதும் பட்டுப் புடவைகளை அடுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்துவிடாதீர்கள். லட்ச ரூபாய்ப் புடவைகளை ஒரு கைப்பைக்குள் அடக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போய்விடலாம். லாரியில் போவதெல்லாம் மூட்டையும் முடிச்சும்தான். அரிசி, காய்கறி, கல்யாண வீட்டுப் பாத்திரங்கள், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோ, சில சமயம் கழற்றிக் கட்டிய தறி மரங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் சென்னைக்கு ஒரு நடை. போக வர சுமார் 150 கிலோமீட்டர்.

2021-ம் வருஷம் ஆயுத பூஜைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தோம். வாசலில் லாரிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. எல்லோரும் கை கொட்டினோம். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"இதுதான் இந்த வண்டிக்குக் கடைசிப் பூஜை, தங்கச்சி" என்றார் என்னிடம்.

"என்ன அண்ணா, நல்ல நாளும் அதுவுமாய் இப்படிச் சொல்கிறீர்கள்?"

"வேறே என்ன சொல்லறது? டீசல் நூறு ரூபாயைத் தொடப் போகுது. ஓட்டினால் நஷ்டம், நிறுத்தினால் பட்டினி. பழைய இரும்புக்குப் போட்டுட்டு, ஒரகடத்திலே கம்பெனி பஸ் ஓட்டப் போயிடலாம்னு பார்க்கிறேன்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. காஞ்சிபுரத்திலும் அதை ஒட்டியே விலை.

ஒரு காலத்தில் டீசல் விலையைச் சர்க்கார்தான் நிர்ணயம் செய்துகொண்டிருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 2017 ஜூன் 16-ந் தேதி முதல் நாடு முழுவதும் தினந்தோறும் விலையை மாற்றலாம் என்றும் ஏற்பாடாயிற்று. அதே வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டீசலை அதில் சேர்க்கவில்லை. ஆகவே மத்திய சர்க்காரின் வரி ஒன்று, மாநில சர்க்காரின் வரி ஒன்று என்று இரண்டும் அதன் தலையில் ஏறின. காலையில் பால்காரர் வருவதற்கு முன்பே டீசல் விலை மாறியிருக்கும். வாடகையோ ஆறு மாதத்துக்கு முன் பேசியதுதான்! சின்ன லாரிக்காரர் என்ன செய்வார்?

என் நாத்தனார் அதுவரை வாயே திறக்கவில்லை. சுண்டலைத் தொன்னையில் போட்டுக்கொண்டே புருஷனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுது?"

"ஒன்பது."

"அளந்தீங்களா?"

"அளக்கணுமா? இத்தனை வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"அந்த கிலோமீட்டர் காட்டற மீட்டர் ஓடுதா?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. மீட்டர் நின்று இரண்டு வருஷமாகிறதாம்!

"ஒரே ஒரு மாசம் தவணை கொடுங்க. அப்புறம் விற்கிறதானால் நானே கிளியரன்ஸ் கையெழுத்துப் போடறேன்" என்றாள் அவள். பிள்ளைக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்ட வேண்டிய சமயம் அது. அவள் கையிலிருந்த இரண்டு வளையல்களும் ஏற்கனவே அடகுக் கடைக்குப் போயிருந்தன. அது எனக்கு அன்றிரவுதான் தெரியும்.

அவளுக்கு இந்தக் கேள்வி தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவள் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். நெசவாளருக்குப் பட்டு நூலையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்து முடித்த புடவையையும் எடை போட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். நடுவில் எவ்வளவு வீணாயிற்று என்பது தராசிலே தெரிந்துவிடும். "எங்கப்பா ஒரு துண்டுச் சரிகையைக் கீழே போட விடமாட்டார், அண்ணி. இவரானால் குடம் குடமாக டீசலை ஊற்றுகிறார், எங்கே போச்சென்று கேட்பாரில்லை" என்றாள் என்னிடம்.

மறுநாளே மீட்டருக்குப் புதுக் கேபிள் போட்டாயிற்று. மகனுடைய பழைய நோட்டு ஒன்றில் நாலு பத்தி கோடு போட்டாள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய டீசல், ஏற்றிய லோடு. டேங்கை வாய் வரை நிரப்பு; மீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த முறையும் அதே பங்க்கில் வாய் வரை நிரப்பு. மறுபடி மீட்டரைக் குறித்துக்கொள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வந்தது கணக்கு. அவ்வளவுதான் வித்தை.

வகுத்துப் பார்த்தால் ஒன்பது எங்கே? ஏழுதான் வந்தது!

இந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் என்ன பிரமாதம் என்கிறீர்களா? 150 கிலோமீட்டர் நடைக்கு, ஒன்பது கொடுக்கும் வண்டி குடிப்பது பதினாறே முக்கால் லிட்டருக்குள். ஏழு கொடுக்கும் வண்டி குடிப்பது ஏறத்தாழ இருபத்தொன்றரை. ஒரு நடைக்கு நாலே முக்கால் லிட்டர் காற்றோடு போகிறது. மாதம் 15 நடைக்கு 71 லிட்டர். லிட்டர் 100 ரூபாயென்றால் 7,100 ரூபாய்! டீசல் விலையைக் குறைக்க நம்மால் முடியாது. இந்த 71 லிட்டர் மட்டும் நம் கையில் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. மிச்சம் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். அதில்தான் ஒரு விபரீதம் நடக்க இருந்தது.

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு மேம்பாலத்து இறக்கம். லோடு வண்டி. இறக்கத்தில் டீசல் எதற்கு என்று கியரை நியூட்ரலில் தள்ளி, இன்ஜினையும் அணைத்துவிட்டார். வண்டி தானாக உருண்டது. முன்னே போன மோட்டார் சைக்கிள்காரர் திடீரென்று வேகத்தைக் குறைத்தார். இவர் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாய் இறுகிக் கிடக்கிறது! பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்வம் இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். அது நின்றபின் இரண்டொரு மிதியோடு தீர்ந்துவிடும். இரண்டு காலாலும் மிதித்து, வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கி எப்படியோ நிறுத்தினார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "வீணாவதை நிறுத்துவது சிக்கனம். வேண்டியதை நிறுத்துவது கஞ்சத்தனம்."

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பம்ப்பே வரத்தை நிறுத்திவிடுகிறதாம். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து அவர் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை! மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாம் என்று யோசனை சொன்ன நண்பரையும் அன்றோடு வாசலில் நிறுத்திவிட்டாள். அது சட்டத்துக்கும் விரோதம், பம்ப்புக்கும் எமன்.

பிறகு முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எதனால் பலன் வந்தது என்று எப்படித் தெரியும்?

முதல் வாரம் ஏர் பில்டர். செங்கல் லோடும் கல்குவாரி ரோடுமாய் ஓடிய வண்டி. பில்டரைக் கழற்றினால் ஊதுகாமாலை வந்த கோழி போல் தூசியில் உப்பிக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினால் நமக்கு மூச்சு வாங்காதா? வண்டிக்கும் அப்படித்தான். காற்றுக் குறைந்தால் டீசல் முழுதும் எரியாது. பின்னால் கரும்புகை வருகிறதே, அது நம் காசுதான்.

இரண்டாவது, டயர். இந்த வண்டிக்கு ஆறு சக்கரம். பின்னால் இரட்டை இரட்டையாக. வெளிப் பக்கத்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்து "காத்து இருக்கு" என்பார் கிளீனர். உள் பக்கத்து டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அளவுக் கருவி வைத்துப் பார்த்ததில் உள் டயர்கள் இரண்டிலும் காற்று குறைவு. காற்றில்லாத சைக்கிளை மிதித்திருக்கிறீர்களா? இனி நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பிரேக். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையை எடுக்காமல் வடத்தை இழுத்தால் எத்தனை பேர் இழுத்து என்ன பிரயோஜனம்? ஒரு நடை ஓடிவிட்டு வந்து சக்கரத்தின் நடுவே கையைக் கிட்டே கொண்டுபோனால், பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் அனலாய்க் கொதித்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மெக்கானிக் அரை நாளில் சரி செய்தார்.

நான்காவது, நாசிலும் பம்ப்பும். டீசலைப் பனி போலத் தூவ வேண்டிய நாசில், தேய்ந்து போய்ச் சொட்டுச் சொட்டாய் ஒழுக்கிக்கொண்டிருந்தது. இதற்குத்தான் செலவு கொஞ்சம் பெரிது. அதனால்தான் கடைசியாக வைத்தாள். சும்மா கிடைக்கிற மிச்சத்தை முதலில் எடு. காசு கொடுத்து வாங்கும் மிச்சத்துக்குப் பின்னால் போ!

ஐந்தாவது, ஓட்டுகிறவரின் கால். இதற்குக் காசே வேண்டாம், ஆனால் இதுதான் கஷ்டம். தேரைக் கிளப்பத்தான் ஊரே கூடி இழுக்க வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் சுலபமாக வரும். லாரியும் அப்படியே. வேகமாகப் போய் நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தினால் டீசல் தாங்காது. முன்னாலேயே பார்த்து நிதானமாகப் போனால் நிற்கவே வேண்டியிராது. வேகம் இரண்டு பங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு பங்காகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தருவதற்கென்றே மத்திய சர்க்கார் 1978-ல் ஏற்படுத்திய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம்தான் சிக்கனம் என்று சொல்லி வருகிறது. தார்ப்பாயைத் தளர விட்டால் அது பாய்மரம் போல் உப்பி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே இறுக்கிக் கட்டு. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. டீ குடிக்க இறங்கினால் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கு.

இவ்வளவும் செய்து மறுபடி அளந்தபோது லிட்டருக்கு எட்டரை வந்தது. ஒன்பது வரவில்லை. வயதான வண்டிதானே! ஆனாலும் மாதம் 56 லிட்டருக்கு மேல் மிச்சம். நாசில் செலவு இரண்டே மாதத்தில் அடைந்துவிட்டது.

ஆனால் நோட்டின் நாலாவது பத்தி இதையெல்லாம் தூக்கி அடித்துவிட்டது. லோடு என்ற பத்தியில், சென்னையிலிருந்து திரும்பும் வரிகளில் எல்லாம் "காலி, காலி, காலி" என்றே எழுதியிருந்தது. காலி வண்டி குடிக்கும் டீசல் கொஞ்சம்தான் குறைவு. கொண்டுவரும் வருமானமோ பூஜ்யம். நாத்தனாரே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரில் மளிகைக் கடை, இரும்புக் கடை, பாத்திரக் கடை என்று தெரிந்தவர்களிடமெல்லாம், "சென்னையிலிருந்து சரக்கு ஏதாவது வரணுமா?" என்று விசாரித்தாள். 15 நடையில் ஆறு நடைக்கு ரிட்டர்ன் லோடு கிடைத்தது. டீசல் மிச்சத்தைவிட அதில் வந்த பணம் அதிகம்!

அடுத்தது வாடகை. வாடிக்கைக்காரர்களிடம் அவள் ஒரு கணக்கை எழுதிக் காட்டினாள். "ஒரு நடைக்கு 18 லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் 90 ரூபாய் கூடக் கொடுங்கள். 5 ரூபாய் இறங்கினால் 90 ரூபாய் நானே குறைத்துக்கொள்கிறேன்." கூடக் கேட்பது எல்லோரும் செய்வதுதான். குறைத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னார்கள்? சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் சம்மதித்தார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் மத்திய சர்க்கார் டீசல் வரியில் 10 ரூபாயைக் குறைத்தது. 102 ரூபாய்க்கு மேல் இருந்த சென்னை விலை, தீபாவளியன்று 91 ரூபாய் சொச்சத்துக்கு வந்தது. அடுத்த நடையிலேயே 180 ரூபாய் குறைத்துப் பில் போட்டாள் நாத்தனார். மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. "யாராவது வலியப் போய்க் குறைப்பாங்களா?" என்றார். ஆனால் 2022 மார்ச் கடைசியிலிருந்து விலை கிடுகிடுவென்று ஏறி, ஏப்ரலில் மறுபடி 100-ஐத் தொட்டதே, அப்போது அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அதே ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அந்த மே மாதம் டீசல் வரியில் மறுபடி 6 ரூபாய் குறைந்தபோது, குறைத்துப் பில் போடச் சொன்னவர் மாப்பிள்ளையேதான்!

பிள்ளைக்கு பீஸ் கட்டியாயிற்று. வளையல்களில் ஒன்று பொங்கலுக்குள்ளும், இன்னொன்று ஆடிக்கு முன்னும் வீடு திரும்பின.

கதை இத்துடன் முடிந்தால் "வண்டியைக் காப்பாற்றிய மனைவி" என்று ஒரு கைதட்டலோடு விட்டுவிடலாம். ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

சென்ற முறை போனபோது வாசலில் வேறு வண்டி நின்றது. "பழையது எங்கே?" என்று கேட்டேன். நாத்தனார் அதே நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 2022 ஏப்ரல் முதல், 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தும் விதி அமலுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் செலவும் மாதா மாதம் ஏறியது. எவ்வளவு செய்தும் எட்டரை எட்டாகி, எட்டு ஏழே முக்காலாகிவிட்டது. 2023-ல் ஒரு நாள் புருஷனும் மனைவியும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். டீசல் மிச்சத்தை ரிப்பேர் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே விற்றுவிட்டார்கள். ரிட்டர்ன் லோடில் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டி, வயது குறைந்த வண்டி ஒன்று எடுத்தார்கள்.

"அழுகை வரலையா?" என்று கேட்டேன்.

"அன்றைக்கு ஆயுத பூஜையிலே விற்றிருந்தால் அழுதிருப்பேன், அண்ணி. அது பயத்திலே விற்கிறது. இது கணக்குப் பார்த்து விற்கிறது" என்றாள்.

சகோதரிகளே, இந்த டீசலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த இன்ஜின்களில் ஒன்றை 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்களாம்! இன்று கடலை எண்ணெய் விற்கிற விலையில் அந்த யோசனை நமக்கு வேண்டாம். ஆனால் எந்த எண்ணெயானாலும், அடுப்புக்கானாலும் வண்டிக்கானாலும், எடை போட்டு ஊற்றினால்தான் மிஞ்சும்.

அடுத்த முறை நீங்கள் வீடு மாற்றவோ, கல்யாணச் சாமான் அனுப்பவோ சின்ன லாரி பேசும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். "திரும்பும்போது லோடு கிடைக்கிற நாள் எது?" என்று கேளுங்கள், அன்றைக்கு வைத்துக்கொண்டால் வாடகை குறையக் கூடும். வண்டி வருவதற்கு முன் மூட்டைகளைக் கட்டி வாசலில் வையுங்கள். காத்திருக்கிற லாரிக்காரரின் வீட்டிலும் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள்.

அது இருக்கட்டும். உங்கள் வீட்டில் மீட்டர் நின்றுபோய், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் செலவு எது? சமையல் எரிவாயுவா, மின்சாரமா, ஸ்கூட்டர் பெட்ரோலா? இன்றைக்கே ஒரு பழைய நோட்டில் நாலு கோடு போடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். ஒன்பது என்று நினைத்திருந்தது ஏழாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். என் வீட்டுக் கணக்கில் ஆறுதான் வந்தது!